பணியில் இருந்துகொண்டே முதுகலை: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.எட்., முனைவர் பட்டம் என்று மேலே படிக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கான பக்கம் இது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என்று எல்லா இடத்திலிருந்தும் வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். விதிகள் அவ்வப்போது மாறும். அதனால் பணம் கட்டும் முன் உங்கள் அலுவலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன பாடம் என்று முடிவு செய்வது முதல் வேலை. முன் அனுமதி அடுத்த வேலை. பல்கலைக்கழகமும் கட்டணமும் அதற்குப் பிறகுதான். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, படிப்பு முடிந்தபின் அலுவலகம் அலுவலகமாக அலைகிறோம்.

கல்லூரியில் பகுதிநேர எம்.ஏ. என்று ஒன்று இருக்கிறதா?

அந்தப் பெயரில் தேடினால் கிடைப்பது அரிது. வேலையில் இருப்பவருக்கு நடைமுறையில் இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று தொலைநிலைக் கல்வி: பாடநூல்கள் கைக்கு வரும், தொடர்பு வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் நடக்கும், தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். மற்றொன்று இணையவழிக் கல்வி: பாடம், காணொளி, கலந்துரையாடல் எல்லாம் திரையில். இரண்டிலும் முதுகலைக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆகும்.

நம் ஊரில் இது புதிதல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971-லும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கின. ‘கரஸ்ல படிச்சேன்’ என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வது அதைத்தான். பிறகு 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ வந்தது. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. பகுதிநேரம் என்ற பெயரோடு விதிகளிலேயே இடம்பெற்றிருக்கும் படிப்பு முனைவர் பட்டம். அதற்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

எந்தப் பாடத்தை எடுப்பது? எளிதாக முடிக்கக்கூடியதை எடுக்கலாமா?

எளிதானது என்று ஒரு பாடத்தை எடுத்தவர்கள் இரண்டாம் ஆண்டில் சலித்துப்போய் நிறுத்துவதைப் பார்க்கிறேன். பிடிப்பு இல்லாத புத்தகத்தை, பள்ளி முடிந்து வந்த களைப்போடு இரவு ஒன்பது மணிக்கு யாராலும் படிக்க முடியாது. நீங்கள் வகுப்பில் நடத்தும் பாடத்தையே எடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் வகுப்பறை. சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் எம்.ஏ. வரலாறு படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிப் பாடநூலில் உத்திரமேரூர்க் கல்வெட்டும் குடவோலை முறையும் சில வரிகளில் முடிந்துவிடும். முதுகலையில் அந்தக் கல்வெட்டின் வாசகத்துக்கே போக முடியும். முதலாம் பராந்தகன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது அது. ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை, அவருடைய உறவினருக்கும் இடமில்லை. இதைப் படித்த ஆசிரியர் ‘அந்தக் காலத்திலேயே தேர்தல் இருந்தது’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போக மாட்டார். கணக்குக் காட்டாதவரை விலக்கியதை வியப்போடு சொல்வார். யாருக்கெல்லாம் அந்தக் குடத்தில் ஓலையே இல்லை என்றும் பிள்ளைகளிடம் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் வகுப்பே விழித்துக்கொள்ளும்.

கணிதத்தில் இந்தத் தொடர்பு இவ்வளவு நேரடியாக இருக்காது. எம்.எஸ்சி.யில் வரும் பல தாள்கள் பத்தாம் வகுப்புக் கரும்பலகைக்கு வரவே வராது. ஆனாலும் 0.999… என்று முடிவில்லாமல் போகும் எண் ஒன்றுக்குச் சமமா, கிட்டத்தட்ட ஒன்றா என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டால், ‘சமம்தான்’ என்று தயங்காமல் சொல்லி அவளுக்குப் புரியும்படி காட்ட, எல்லை என்ற கருத்தை ஆழமாகப் படித்திருக்க வேண்டும். அந்தத் தெளிவு பட்டப்படிப்பில் எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை.

இரண்டாவது காரணம் பதவி உயர்வு. முதுகலை ஆசிரியர் பணியிடத்துக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ அதற்கு இணையான பாடத்திலோ இருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. பி.எஸ்சி. வேதியியலும் எம்.ஏ. ஆங்கிலமும் வைத்திருப்பவர்கள் ‘கிராஸ் மேஜர்’ என்ற சிக்கலில் மாட்டிக்கொள்வது இதனால்தான். ஆங்கிலத்தின் மேல் உண்மையான ஆசை இருந்து படித்தால் அதில் தவறே இல்லை. ஆனால் பதவி உயர்வை மனதில் வைத்துச் சேருவதாக இருந்தால் இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

பட்டத்தின் முழுப் பெயரையும் கவனியுங்கள். பயன்பாட்டு இயற்பியல், கணினிப் பயன்பாடுகளுடன் கூடிய கணிதம் என்பது போன்ற பெயர்கள் வந்தால், அது வெறும் இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ இணையானது என்று உயர்கல்வித் துறையின் அரசாணை இருக்கிறதா என்று பாருங்கள். இணைத்தன்மை ஆணை இல்லாத பட்டத்தை அலுவலகத்தில் ஏற்கவைப்பது பெரும்பாடு.

நான் இடைநிலை ஆசிரியர். எல்லாப் பாடமும் நடத்துகிறேன். எனக்கு எது பொருந்தும்?

முதலில் இளங்கலைப் பட்டமும் பி.எட்.டும் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டதாரி ஆசிரியராக உயர அவைதான் தேவை, எம்.ஏ. தேவையில்லை. அவை இரண்டும் இருந்தால், தொடக்க வகுப்புக்கு நெருக்கமான எம்.ஏ. கல்வியியலை யோசிக்கலாம். குழந்தை எப்படிக் கற்கிறது, மதிப்பீடு என்றால் என்ன என்பதையெல்லாம் தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சியில் மேலோட்டமாகக் கேட்டிருப்போம். அங்கே அதை முறையாகப் படிக்கலாம்.

முன் அனுமதி கட்டாயமா? யாரிடம், எப்படி வாங்குவது?

அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் கட்டாயம். விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். தொடக்கப் பள்ளியாக இருந்தால் அது வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போகும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியாக இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று மேலே போகும். ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் யாருக்கு என்பது உங்கள் பதவியைப் பொறுத்தது. பள்ளி எழுத்தரிடமோ அலுவலகத்தின் சம்பந்தப்பட்ட பிரிவிலோ கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

விண்ணப்பத்தில் படிப்பின் பெயர், பல்கலைக்கழகம், தொலைநிலையா இணையவழியா, எந்தக் கல்வியாண்டு என்பவை தெளிவாக இருக்கட்டும். அனுமதி ஆணையில் வழக்கமாகச் சில நிபந்தனைகள் இருக்கும். பள்ளிப் பணி பாதிக்கக் கூடாது, பள்ளி நேரத்தில் வகுப்புக்குப் போகக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. ஆணை கைக்கு வந்ததும் நகல் எடுத்து வையுங்கள். பணிப்பதிவேட்டில் பதிவாகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இடமாறுதலில் வேறு மாவட்டத்துக்குப் போனால், பழைய அலுவலகத்தில் கோப்பைத் தேடித் தர யாரும் இருக்க மாட்டார்கள்.

உதவிபெறும் பள்ளியில் பள்ளிச் செயலர் வழியாக விண்ணப்பம் போகும். தனியார் பள்ளியில் தாளாளரிடம் எழுத்துமூலம் தடையின்மைச் சான்று வாங்கி வையுங்கள். சில தனியார் பள்ளிகள் பணியில் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன. பல்கலைக்கழகச் சரிபார்ப்புக்கு அசல் கேட்பார்கள் என்பதால், சேர்க்கை தொடங்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் சான்றிதழ் உங்களுடையது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

அனுமதி வாங்காமல் சேர்ந்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

இன்றே எழுதிக் கொடுங்கள். படிப்பு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சேர்ந்தபின் வாங்கும் அனுமதியைப் பின்னேற்பு என்பார்கள். சேர்ந்த தேதியை மறைக்காமல், ஏன் முன்பே விண்ணப்பிக்கவில்லை என்று விளக்கம் சேர்த்து, பின்னேற்பு ஆணை கோரலாம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். ஆனாலும் முதல் பருவத்தில் தெரிவிப்பதற்கும் பட்டம் வாங்கியபின் தெரிவிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

‘யுஜிசி அங்கீகாரம் பெற்றது’ என்று விளம்பரத்தில் இருப்பது போதாது. யுஜிசி என்பது பல்கலைக்கழக மானியக் குழு. ஒரு பல்கலைக்கழகம் யுஜிசி பட்டியலில் இருக்கும். ஆனால் தொலைநிலையில் அந்தக் குறிப்பிட்ட படிப்பை நடத்த அதற்கு அனுமதி இல்லாமல் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான ‘டெப்’ வெளியிடும் பட்டியலை. அதில் நான்கு விஷயங்களும் ஒத்துப்போக வேண்டும்: பல்கலைக்கழகம், படிப்பின் பெயர், தொலைநிலையா இணையவழியா, நீங்கள் சேரும் பருவம். ஒரு பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. தமிழுக்கு அனுமதி இருந்து, எம்.எஸ்சி.க்கு இல்லாமல் போகலாம். போன ஆண்டு இருந்த அனுமதி இந்த ஆண்டு இல்லாமலும் போகலாம். உங்கள் பருவத்துக்கான பக்கத்தைப் பதிவிறக்கி, தேதியோடு அச்செடுத்து அனுமதி ஆணையோடு சேர்த்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து யாராவது கேள்வி கேட்டால் அந்த ஒரு தாள் உங்களைக் காப்பாற்றும்.

சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலை – ஆகஸ்டிலும் ஜனவரி – பிப்ரவரியிலும். 2024 முதல் சேருபவர்கள் ‘டெப் ஐடி’ என்ற அடையாள எண்ணை முதலில் உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ‘ஏபிசி ஐடி’ எனப்படும் கல்விக் கிரெடிட் வங்கிக் கணக்கு எண் வேண்டும். இரண்டையும் நீங்களே இணையத்தில் இலவசமாக உருவாக்கிவிடலாம்.

ஊர் முக்கில் ஒரு ‘படிப்பு மையம்’ வைத்து, வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பட்டத்தை வாங்கித் தருவதாகச் சொன்னால் உள்ளேயே போகாதீர்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்த முடியாது. தனியாரிடம் உரிமம் கொடுத்து மையம் நடத்துவதும் தடை செய்யப்பட்டது. ‘வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்பவர் உங்கள் வேலைக்கே உலை வைக்கிறார். பட்டத்துக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டு அலுவலகம் பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது எல்லாம் வெளியே வந்துவிடும்.

தொலைநிலைப் பட்டம் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமமா?

சமம். முறையான அனுமதியோடு தொலைநிலையிலோ இணையவழியிலோ பெற்ற பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று யுஜிசியின் 2020 விதிமுறை சொல்கிறது. கல்லூரிக்குப் போய் வாங்கியதுதான் நல்ல பட்டம் என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம்.

எம்.எட். தொலைநிலையில் படிக்கலாமா?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளில் எம்.எட். இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. பி.எட்.டுக்கு, பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கான தொலைநிலை வழி அந்த விதிமுறைகளில் உண்டு. எம்.எட்.டுக்கு இல்லை. வருகைப்பதிவு கட்டாயம் என்பதால், நீண்ட விடுப்பு எடுக்காமல் எம்.எட். படிக்க முடியாது. ‘பணியில் இருந்துகொண்டே ரெகுலர் எம்.எட்.’ என்று யாராவது சொன்னால், ஒரே நாளில் இரண்டு இடத்தில் உங்கள் வருகை பதிவாகும். அது பெரிய வம்பு.

எம்.ஏ. கல்வியியல் தொலைநிலையில் உண்டு. இக்னோவில் நடக்கிறது. அறிவுக்கு நல்ல படிப்பு. ஆனால் கல்வியியல் கல்லூரியில் பேராசிரியராக விதி எம்.எட். கேட்கும் இடங்களில் எம்.ஏ. கல்வியியலை வைத்து நிற்க முடியும் என்று நம்பிச் சேர வேண்டாம். அங்கே என்ன தகுதி கேட்கிறார்கள் என்று விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊக்க ஊதியம் கிடைக்குமா?

உயர்கல்வித் தகுதிக்கான ஊக்க ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச் 10-ஆம் தேதி அரசாணையால் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக ஒரே முறை வழங்கும் தொகை என்ற ஏற்பாடு பின்னால் வந்தது. முன்பெல்லாம் எம்.ஏ. முடித்தால் அடிப்படை ஊதியமே ஏறும். அது ஓய்வு வரை கூடவே வரும். அந்தக் கணக்கை வைத்து இப்போது சேர வேண்டாம். மூத்தவர் ஒருவர் ‘நான் இரண்டு ஊக்க ஊதியம் வாங்கினேன், நீயும் படி’ என்று அன்பாகச் சொல்லலாம். அவர் காலத்து விதி வேறு.

இந்த மாற்றம் எனக்கு வருத்தம்தான். சொந்தக் காசில், சொந்த நேரத்தில், தன் பாடத்தையே மேலும் படிக்கும் ஆசிரியருக்கு அரசு நிலையான ஓர் ஏற்றம் தருவது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

எவ்வளவு மதிப்பெண் எடுக்க வேண்டும்? தேர்ச்சி போதாதா?

போதாது. முதுகலை ஆசிரியர் பணிக்கு முதுகலையில் 50 சதவீதம் கேட்கிறார்கள். நெட், செட் தேர்வு எழுதிக் கல்லூரிக்குப் போக நினைத்தால் 55 சதவீதம் வேண்டும். முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் 55. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இவற்றில் தளர்வு உண்டு. இக்னோவில் 40 எடுத்தாலே தேர்ச்சி என்பதால், பலர் 45-ல் முடித்துவிட்டுப் பிறகு கையைப் பிசைகிறார்கள். முதல் தாளிலிருந்தே 60-ஐக் குறிவையுங்கள்.

தமிழ் வழியில் படிக்க முடியுமா?

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பல கலைப் படிப்புகளைத் தமிழில் படிக்கலாம், தேர்வையும் தமிழில் எழுதலாம். இக்னோவின் முதுகலைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். சேரும் முன் எந்த மொழியில் நூல், எந்த மொழியில் வினாத்தாள் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

கட்டணத்துக்கு வருமான வரிச் சலுகை உண்டா?

உங்கள் சொந்தப் படிப்புக்குக் கட்டும் கல்விக் கட்டணத்துக்கு 80சி-யில் சலுகை இல்லை. அது பிள்ளைகளின் கட்டணத்துக்கு மட்டும். கல்விக் கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டியை 80இ-யில் கழிக்கலாம், சொந்தப் படிப்பாக இருந்தாலும். இரண்டும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். தொலைநிலை எம்.ஏ.வுக்குக் கடன் வாங்கும் அளவுக்குச் செலவு பெரும்பாலும் ஆகாது.

நேரம் எங்கே இருக்கிறது? எப்போது படிப்பது?

எல்லோரும் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆசிரியருக்கு நாள் கணக்கைவிட மாதக் கணக்குதான் முக்கியம். நம் ஆண்டு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஜூனில் பள்ளி திறப்பு, மாணவர் சேர்க்கை, விலையில்லாப் புத்தகம், எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம். செப்டம்பரில் காலாண்டு. டிசம்பரில் அரையாண்டு. பிப்ரவரி முதல் செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வுப் பணியும். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம். நடுவில் தேர்தல் பணி, வாக்காளர் பட்டியல் பணி, பயிற்சிகள்.

இப்போது இக்னோவின் பருவத் தேர்வுகள் எப்போது வருகின்றன? ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பரில் நீங்கள் உங்கள் தேர்வும் எழுத வேண்டும், நூறு மாணவர்களின் அரையாண்டு விடைத்தாளும் திருத்த வேண்டும். அதனால் டிசம்பருக்குக் கடினமான தாள்களை வைக்காதீர்கள். எந்தத் தாளை எந்தப் பருவத்தில் எழுதுவது என்று நாமே பிரித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிற பல்கலைக்கழகத்தில், பெரிய தாள்களை ஜூனுக்குத் தள்ளுங்கள். மே மாத விடுமுறை முழுவதும் அதற்கு முன்னால் கிடைக்கிறது. ஆண்டில் நமக்கு இருக்கும் ஒரே நீண்ட வெளி அதுதான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாம் மேயில்தான் வரும் என்பது தெரியும். போய்விட்டு வாருங்கள், ஆனால் காலை நேரத்தைப் புத்தகத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

மற்ற மாதங்களில் நாள்தோறும் முக்கால் மணி நேரம், அதுவும் விடியற்காலையில், போதும். மாலையை நம்ப வேண்டாம். பள்ளி முடிந்து வரும் தலையில் புதிதாக எதுவும் ஏறுவதில்லை. தினமும் பேருந்தில் நெடுந்தூரம் போகிறவர்கள் அந்த நேரத்தைப் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். இருக்கை கிடைக்காத நாளில் பாடத்தைக் குரலில் பதிவு செய்து வைத்துக் கேட்கலாம்.

வீட்டு வேலையும் பள்ளி வேலையும் சேர்ந்து இருக்கிறது. பெண் ஆசிரியர்கள் எப்படிச் சமாளிப்பது?

தனியாளாகச் சமாளிக்க முயலாதீர்கள். கட்டணம் கட்டும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். ‘தேர்வு மாதத்தில் இரவுச் சமையல் என் பொறுப்பு இல்லை, ஞாயிறு தொடர்பு வகுப்பன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு’ என்று குறிப்பாகப் பேசுங்கள். ‘உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், எதுவும் நடக்காது. ஒரே பள்ளியில் இரண்டு மூன்று ஆசிரியைகள் ஒரே படிப்பில் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆளுக்கொரு தாளின் குறிப்பு எடுத்துப் பகிர்ந்துகொள்ளலாம், தேர்வு மையத்துக்கு ஒரே வண்டியில் போகலாம். சேர்ந்து படிப்பவர்கள் பாதியில் நிற்பதில்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

தேர்வு நாளுக்கு விடுப்பு?

பணிநாளில் தேர்வு வந்தால் உங்கள் தற்செயல் விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 12 நாள்தான். தேர்வு அட்டவணை வந்ததும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். காலையில் அலைபேசியில் சொல்லிவிட்டுத் தேர்வுக்குப் போவது அந்த நாளில் உங்கள் வகுப்பைப் பார்க்கும் சக ஆசிரியருக்குச் சிரமம்.

அசைன்மென்ட் விடைகள் கடையில் விற்கிறார்களே, வாங்கி எழுதலாமா?

வேண்டாம். மாணவர் நோட்டில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் நாம் என்ன சொல்வோம்? அது ஒருபுறம் இருக்கட்டும். இக்னோவில் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. அசைன்மென்டைச் சொந்தமாக எழுதினால் தேர்வுக்குப் பாதி படித்தது போல ஆகிவிடும். வேலையில் இருப்பவருக்கு அதைவிடச் சிறந்த தேர்வுத் தயாரிப்பு இல்லை. எழுதியதைக் கொடுக்கும் முன் படம் எடுத்து வையுங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மதிப்பெண் பதிவாகாமல் போனால் அதுதான் சான்று.

தகுதித் தேர்வா, எம்.ஏ.வா? இரண்டில் எதை முதலில் பார்ப்பது?

ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு நடத்துபவர், ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி இல்லாதவர் என்றால் டெட்தான் முதலில். உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தந்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்கு டெட் வேண்டும். பல ஆண்டு நன்றாகப் பாடம் நடத்தியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மனச்சுமை என்று தெரியும். இதில் மேற்கொண்டு வரும் ஆணைகளையும் கவனித்துக்கொண்டிருங்கள். எம்.ஏ. எங்கும் ஓடிப்போகாது, அடுத்த ஜூலையில் சேரலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாமா?

யுஜிசி 2022 ஏப்ரலில் அதற்கு வழி செய்தது, முனைவர் பட்டம் நீங்கலாக. ஆனால் உங்கள் அனுமதி ஆணை எந்தப் படிப்புக்கோ அதற்கு மட்டும்தான் செல்லும். முழுநேர வேலையோடு இரண்டு பட்டம் என்றால் மூன்றுமே அரைகுறையாகும்.

பகுதிநேர முனைவர் பட்டம் எப்படி?

யுஜிசியின் 2022 விதிமுறை பகுதிநேர ஆய்வை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று கேட்பார்கள். அதில் பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் ஆய்வுப் படிப்புத் தாள்களை முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்று மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்டு வாங்குவதுதான் கடினம். இப்படி எழுதித் தர அதிகாரி தயங்குவார். அதனால் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு முன்பே அலுவலகத்தில் பேசத் தொடங்குங்கள்.

குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. பழைய எம்.ஃபில். இப்போது இல்லை, இதே விதிமுறையோடு நிறுத்தப்பட்டது. முன்பே வாங்கியவர்களின் பட்டம் செல்லும்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பேரும் புகழும் பார்க்காதீர்கள். சனிக்கிழமை உங்களைச் சந்திப்பாரா, அனுப்பிய அத்தியாயத்தைப் படித்துத் திருப்பித் தருவாரா என்று அவரிடம் முன்பு ஆய்வு செய்தவர்களிடம் விசாரியுங்கள்.

என் வகுப்பையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஆய்வாளருக்கு இருக்கும் பெரிய வசதியே அதுதான். ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டலில் பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள், தவறு ஏன் ஒரே மாதிரி வருகிறது என்று ஒரு பருவம் முழுவதும் அவர்கள் நோட்டைச் சேர்த்துப் பார்த்தால் நல்ல ஆய்வேடு கிடைக்கும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இரண்டு நாள் வினாத்தாள் கொடுத்து வாங்கத்தான் முடியும். தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் சம்மதமும் வாங்குங்கள். பிள்ளைகளின் பெயர் எங்கும் வரக் கூடாது. ஆய்வில் சேராத பிள்ளைக்குப் பாடத்திலோ மதிப்பெண்ணிலோ எந்தக் குறையும் வரக் கூடாது.

ஐம்பது வயதாகிறது. இனிமேல் படிக்கலாமா?

தாராளமாக. தொலைநிலை முதுகலைக்கு வயது வரம்பு இல்லை. பதவி உயர்வுக்குக் காலம் இருக்கிறதா என்று மட்டும் நேர்மையாகக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசைக்காகப் படிப்பதாக இருந்தால் அந்தக் கணக்கும் வேண்டாம்.

பாதியில் நின்றுவிட்டால்?

இக்னோவில் இரண்டு ஆண்டு முதுகலையை முடிக்க நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஒரு பருவம் எழுத முடியவில்லை என்றால் பதிவை விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டுக்கான மறுபதிவை மட்டும் உரிய தேதிக்குள் செய்துவிடுங்கள். பலர் நிற்பது கடினமான தாளால் அல்ல, மறுபதிவுத் தேதியைத் தவறவிடுவதால்தான்.

பட்டம் வந்தபின் என்ன செய்ய வேண்டும்?

தற்காலிகச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், அனுமதி ஆணை மூன்றையும் இணைத்துத் தலைமையாசிரியர் வழியாக உயர்கல்வித் தகுதியைப் பணிப்பதிவேட்டில் பதியக் கோருங்கள். அலுவலகம் உண்மைத்தன்மைச் சான்று கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும். அதற்கான கட்டணம் எவ்வளவு, எப்படிச் செலுத்துவது என்று முன்பே விசாரித்து வையுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். இடையில் பதவி உயர்வுக்கான தேர்ந்தோர் பட்டியல் வந்தால் உங்கள் தகுதி அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால், பட்டியலில் குறிப்பிட்டிருக்கும் கடைசித் தேதிக்குள் எழுத்துமூலம் முறையிட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.